சாயத் தெருவில் ஒரு சிவப்புப் பொட்டு

துறைமுகத்தை ஒட்டிய அந்தத் தெருவில் முன்பு துணிக்குச் சாயம் ஏற்றினார்கள். பிறகு கிடங்குகள் எல்லாம் ஓவியக்கூடங்கள் ஆயின. பெயர் மட்டும் சாயத் தெரு என்றே நிலைத்துவிட்டது. ஆண்டுக்கு ஒருநாள் நாற்பது கூடங்களும் சேர்ந்து கதவு திறக்கும். அன்று மேளதாளத்தோடு ஊரே அங்கேதான் இருக்கும்.

அந்த நாளில் ஏகாம்பரம் மூன்று முறை சட்டை மாற்றினார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு தூரிகை பிடித்தவர். முதன்முறையாக அவருடைய ஓவியம் ஒன்று தெருவின் கடைசிக் கூடத்தில் தொங்கியது. சாத்திய கதவு ஒன்று, அதன் இடுக்கில் செருகிய கடிதம்.

அவருக்கு ஓவியம் கற்றுத்தந்த குஞ்சரி அவரைவிட இருபது வயது இளையவர்.

"அம்மா, நான் போடுறது நல்ல படம்தானா?"

மூன்று ஆண்டுகளாகக் கேட்கிறார். குஞ்சரி பதில் சொன்னதில்லை.

"இன்னைக்காவது சொல்லிடுங்கம்மா."

"முதல்ல தெருவைப் பார்ப்போம், தபால்காரரே."

ஒவ்வொரு கூடத்திலும் குஞ்சரி நின்றார். ஒரு நீலப் படகின் முன்னால் கால் மணி நேரம் நின்றார். ஏகாம்பரத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இப்படி நின்னா இருட்டிடும்மா!"

"நீங்க முன்னாடி போங்க. தந்தி கொண்டுவந்தவர் மாதிரி தவிக்கிறீங்களே!"

அவர் பறந்தார்.

விற்ற படத்தின் ஓரத்தில் சிவப்புப் பொட்டு ஒன்று ஒட்டுவது அந்தத் தெருவின் வழக்கம். கடைசிக் கூடத்தில், அவர் படத்துக்கு வலப்பக்கம் இருந்த படத்தில் பொட்டு இருந்தது. இடப்பக்கத்திலும் இருந்தது. நடுவில் அவர் படத்தில் மட்டும் இல்லை.

அம்மா வந்து இதையா பார்ப்பது?

மேசைமேல் பொட்டுத்தாள் கிடந்தது. கூடத்துக்காரர் முதுகைக் காட்டி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் ஒன்றைப் பிய்த்து ஒட்டினார்.

குஞ்சரி உள்ளே வந்தார்.

"பாத்தீங்களாம்மா? வித்துப்போச்சு!"

அவர் விரல் பொட்டைக் காட்டியது. குஞ்சரி படத்தைப் பார்த்தார்.

அப்போது நர்ஸ் உடையில் ஒரு பெண் வந்து படத்தின் முன்னால் நின்றார். தோள்பையை இறக்கிக் கீழே வைத்தார். வெகுநேரம் அசையவில்லை.

"எங்கப்பா வீட்டுக் கதவு இதேதான்," என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல். "நான் போட்ட கடுதாசி எல்லாம் இப்படித்தான் செருகி இருந்திருக்கும்."

பிறகுதான் பொட்டைக் கண்டார். முகம் வாடியது.

"இது வித்துட்டுதா, சார்?"

"பொட்டு இருக்கே," என்றார் கூடத்துக்காரர். "காலையில என் வீட்டம்மா இருந்தாங்க, அவங்க வித்திருப்பாங்க."

அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். தெருக்கோடியில் பஸ் ஹாரன் அடித்தது.

ஏகாம்பரம் குஞ்சரியைப் பார்த்தார். குஞ்சரி இன்னும் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏகாம்பரம் பொட்டைப் பிய்த்தார். ஓடினார்.

"ஏம்மா! நர்ஸம்மா! விக்கலை! என் படம் விக்கலை!"

மேளச் சத்தத்துக்கும் மேலே அவர் குரல் கேட்டது. கூடங்களிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

"என்னுதுந்தான் விக்கலை. நான் கத்துறேனா?" என்றார் ஒரு ஓவியர். தெரு சிரித்தது.

"விக்கலை! விக்கவே இல்லை!"

செருப்பு ஒன்று கழன்றது. அதை எடுக்க அவர் நிற்கவில்லை. பஸ் படியில் ஒரு காலை வைத்திருந்த அந்தப் பெண் திரும்பிப் பார்த்தார். ஏகாம்பரம் கட்டைவிரலை நீட்டினார். அதில் பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"நான்தான் ஒட்டினேன். பொய்ப் பொட்டு."

"ஏங்க அப்படிப் பண்ணீங்க?"

"வெக்கம்மா. அது கிடக்கட்டும், வாங்க! அடுத்த பஸ்ஸுல போகலாம், வாங்க!"

திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு இரைத்தது. முகமெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு. அந்தப் பெண் மறுபடி பையைக் கீழே வைத்தார். ஏகாம்பரம் அவருக்கும் படத்துக்கும் நடுவில் நின்று குஞ்சரியிடம் திரும்பினார்.

"இப்பவாவது சொல்லுங்கம்மா. நல்ல படம்தானா?"

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தபால்காரரே," என்றார் குஞ்சரி. "அவங்களுக்கு மறைக்குது."