ஆமைக்குட்டி கூப்பிட்ட இடம்

ஒரு காட்டில், குளக்கரையை ஒட்டி ஒரு வெள்ளைப் பாறை இருந்தது. மாலை வெயில் அதன்மேல் நேராக விழும். செம்பன் என்ற கீரி தேக்கிலையைப் பல்லால் கடித்து உருவம் செய்து, குச்சியில் குத்தி, வெயிலில் தூக்கிப் பிடிக்கும். பாறையில் நிழல் நடமாடும். அந்தக் காட்டுக்கு அதுதான் சினிமா.

போன கோடையில் செம்பன் ஓர் ஆமைக்குட்டியின் கதையைக் காட்டியது. வெள்ளத்தில் தாயைப் பிரிந்த குட்டி, கரை கரையாகத் தேடி அலைகிறது. கடைசியில் ஒரு மேட்டில் ஏறி, "அம்மா" என்று கூப்பிடுகிறது.

அதற்குமேல் என்ன சொல்வதென்று செம்பனுக்குத் தெரியவில்லை. இலையைப் பிடித்தபடி திருதிருவென்று விழித்தது. கூட்டத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. வெயிலும் இறங்கிவிட்டது. கதை சொதப்பிவிட்டது என்று நினைத்து, செம்பன் வளைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

கூட்டத்தின் பின்னால் கருமேனி என்ற பெண்யானை நின்றிருந்தது. அதன் கன்றை அதற்கு முந்திய மழையில் ஆறு அடித்துக்கொண்டு போயிருந்தது. ஆமைக்குட்டியின் குரலைக் கேட்டதும் கருமேனியின் காதுகள் தானாக விரிந்தன. பதில் சொல்ல வாயெடுத்தது. இத்தனை பேர் நடுவிலா என்று கூச்சப்பட்டு விழுங்கிவிட்டது.

விழுங்கிய பதில் வருஷம் முழுக்கத் தொண்டையிலேயே கிடந்தது. அடுத்த கோடையில் குட்டி மறுபடி கூப்பிடும், அப்போது வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும் என்று கருமேனி ஏங்கிக் காத்திருந்தது.

கோடை வந்தது. எல்லோரும் இரண்டாம் பாகம் கேட்டார்கள். யோசனை சொல்ல ஒரு மந்தி வந்து சேர்ந்தது. யோசனைக்கு மட்டும் காட்டில் என்றைக்குப் பஞ்சம்? போன தடவை ஒருவரும் கைதட்டவில்லை, கதை நடுவில் படுத்துவிட்டது, இந்தத் தடவை சும்மா இருக்கிற இடமே இருக்கக் கூடாது என்றது மந்தி. செம்பனும் தலையாட்டியது.

அப்படியே செய்தார்கள். பாறை கொள்ளாத அளவுக்கு ஆமைகள். முதலையோடு சண்டை. தவளைகளின் வாத்தியம். தாய் ஆமை எடுத்த எடுப்பிலேயே வந்து நின்றது, குட்டியோடு சேர்ந்து குத்தாட்டமும் போட்டது. கூட்டம் சிரித்து உருண்டது.

கலையும்போதுதான் பேச்சு கிளம்பியது. இதில் எல்லாமே பெரிசாக இருந்ததென்று முயல் மெச்சியது. ஆனாலும் முதல் கதை மாதிரி வரவில்லை என்று முள்ளம்பன்றி முனகியது. ஏன் என்று கேட்டால் அதற்கும் சொல்லத் தெரியவில்லை.

கருமேனி மட்டும் பாறையைப் பார்த்தபடி அங்கேயே நின்றது. செம்பன் பூரிப்போடு அருகில் வந்து, "எப்படிக்கா இருந்தது?" என்று கேட்டது.

"நல்லாத்தான் இருந்தது தம்பி. அந்தக் குட்டி எந்த இடத்துல கூப்பிட்டது? இந்தத் தவளைச் சத்தத்துல நான்தான் கவனிக்காம விட்டுட்டேனா?"

செம்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இல்லக்கா. அது கூப்பிடவே இல்ல. போன வருஷம் அந்த இடத்துல எல்லாரும் சும்மா இருந்தாங்களே, அது என் தப்புன்னு நினைச்சேன்."

"தப்பா? அது எனக்கு விட்ட இடம்னு நினைச்சேனே," என்றது கருமேனி. சொல்லிவிட்டு மெல்லத் திரும்பி நடந்தது.

"நில்லுக்கா!" என்று செம்பன் கத்தியது.

பாறையின் நுனியில் இன்னும் கொஞ்சம் வெயில் மிச்சம் இருந்தது. செம்பன் ஓடிப்போய் ஓர் இலையை அவசரமாகக் கடித்துத் தூக்கிப் பிடித்தது. ஒரு பக்கம் பிய்ந்த, கோணலான, ஒற்றை ஆமைக்குட்டி. தவளைகள் வாயைத் திறக்கப் போயின. செம்பன் முறைத்ததும் மூடிக்கொண்டன. வழியில் போனவர்களும் திரும்பி நின்றார்கள்.

"அம்மா," என்றது ஆமைக்குட்டி.

அதன்பின் செம்பன் ஒன்றும் சொல்லவில்லை.

"இங்கதான் இருக்கேன் சாமி," என்றது கருமேனி. "எங்கேயும் போகல." அதன் கண்களிலிருந்து பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

வெயில் மறைந்து நிழல் போனது. யாரும் கைதட்டவில்லை. இந்தத் தடவை செம்பன் வளைக்குள் ஓடவில்லை, கருமேனியின் காலடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

கேட்பவர் மனசுக்குக் கொஞ்சம் இடம் விடாத கதை, எத்தனை பெரிசாக இருந்தாலும் நெஞ்சில் நிற்காது.