வீட்டுக்காரருடைய கரி

பவானிக்கு மேற்கே ஒரு சந்தில், வாடகை குறைவு என்ற ஒரே பெருமையோடு நிற்கிற வீடு அது. அதில் அண்ணன் தம்பிகள் மூன்று பேர் குடியிருந்தார்கள். பெரியவன் அர்த்தநாரி, நடுவன் நாச்சிமுத்து, சின்னவன் குப்பண்ணன். மூவருக்கும் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிற வேலை. யாருக்கும் ஒரு கெடுதல் நினைத்தவர்கள் இல்லை. யார் எதைச் சொன்னாலும் அட்சரம் பிசகாமல் செய்கிறவர்கள். அவர்களுடைய எல்லாத் தொல்லைகளுக்கும் அதுதான் காரணம்.

அர்த்தநாரிக்கு வைகாசியில் கல்யாணம் ஆனது. பெண் அந்தியூர்க்காரி, தெய்வானை. வந்த அன்றைக்கே அடுப்படியை எட்டிப் பார்த்தாள். காலகாலமாக விறகு எரிந்த அடுப்படி. சுவர் கறுப்பு, கூரை கறுப்பு, வெளிச்சமே உள்ளே வரப் பயப்படுகிற மாதிரி இருந்தது. பெட்டியைத் திறக்காமலே அவள் பஸ் ஏறிவிட்டாள். போகும்போது, "இது வெளுக்கட்டுங்க. அப்புறம் வர்றேன்" என்றாள்.

ஆடிக்குத் தாய் வீடு போன பெண்களெல்லாம் ஆவணியில் திரும்பினார்கள். தெய்வானை திரும்பவில்லை. அர்த்தநாரிக்குச் சோறு இறங்கவில்லை. நாலு வாய்க்கு ஒரு தரம் பெருமூச்சு விட்டான்.

"இனிப் பொறுக்க முடியாது. அடுப்படிய வெளுத்துருவோம்," என்றான் நாச்சிமுத்து.

வீட்டுக்காரர் செங்கோடன் எதிர் வீட்டில் தனியாக இருந்தார். கதவைப் பூட்டுகிற வழக்கமே இல்லாத மனுஷன். மூவரும் போய் அனுமதி கேட்டார்கள்.

"என்ன வேணா பண்ணிக்குங்க. நான் அஞ்சு பைசா தரமாட்டேன்," என்றார் அவர். "ஆனா ஒண்ணு. காலி பண்றப்ப, வீடு எங்கிட்ட வாங்குனப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கோணும்."

வீட்டுக்கு வந்து மூவரும் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"வாங்குனப்ப செவத்துல கரி இருந்துச்சா, இல்லியா?" என்று கேட்டான் அர்த்தநாரி.

"இருந்துச்சுங்ண்ணா."

"அப்ப கரி யாரோடது?"

"வீட்டுக்காரரோடது."

"அதைச் சொரண்டி வெளிய கொட்டுனா?"

குப்பண்ணன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "திருட்டுங்ண்ணா!"

இந்த நேர்மையில் எங்கே ஓட்டை என்று நானும் பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். இன்னும் பிடிபடவில்லை.

மறுநாள் கரண்டியால் கரியைச் சுரண்டி டப்பாக்களில் அடைத்தார்கள். கிழக்குச் சுவருக்கு ஒரு டப்பா, மேற்குச் சுவருக்கு ஒரு டப்பா, கூரைக்குத் தனியாக ஒரு குடம். "கலந்துராம பாத்துக்கடா. கெழக்குக் கரிய மேக்கால பூசுனா மனுசன் ஒரே பார்வைல கண்டுபுடிச்சிருவாரு," என்று அர்த்தநாரி எச்சரித்தான்.

அடுப்புக்கு மேலே எண்ணெய்ப் பிசுக்கு ஒன்று இருந்தது. அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? நாச்சிமுத்து செல்போனில் படம் பிடித்தான். குப்பண்ணன் படத்தைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"ஒட்டவே மாட்டீங்குதுங்ண்ணா. இதைக் குடுத்தா ஒத்துக்குவாரா?"

ஒத்துக்கொள்ள மாட்டார் என்று முடிவாகி, பிசுக்கையும் கத்தியால் வழித்து ஒரு கிண்ணத்தில் வைத்தார்கள்.

கரி போனதும் பொந்துகள் தெரிந்தன. பொந்துகளிலிருந்து கரப்பான்பூச்சிகள் வந்தன. குப்பண்ணன் செருப்பை ஓங்கினான். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நாம குடி வர்றதுக்கு முன்னாடியே இருந்ததுகடா!"

அவற்றைப் பிடித்துப் பானையில் விட்டு, வாயைத் துணியால் கட்டி, வேளைக்குக் கொஞ்சம் சர்க்கரை போட்டார்கள். சாயங்காலம் தெருவில் போன செங்கோடனிடம் நாச்சிமுத்து, "உங்க உருப்படியெல்லாம் சவுக்கியமா இருக்குதுங்க. சாப்பாட்டுக்கு ஒரு குறையும் வெக்கல," என்றான். அவன் ஏதோ நலம் விசாரிப்பதாக நினைத்து அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அடுத்தது வெள்ளை. கையிலிருந்த காசுக்கு அரைச் சுவருக்குத்தான் சுண்ணாம்பு கிடைத்தது. மறுபடி வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"அண்ணி எத்தனை ஒசரம்?" என்றான் குப்பண்ணன்.

"என்ர தோளுக்கு வருவா," என்றான் அர்த்தநாரி. சொல்லும்போதே கண் கலங்கியது.

"அப்ப தோள் வரைக்கும் அடிச்சாப் போதுமில்லீங்? அதுக்கு மேல அவங்களுக்கு எதுக்கு?"

"அண்ணாந்து பாத்துட்டா?"

நீண்ட யோசனைக்குப் பிறகு நாச்சிமுத்து சொன்னான்: "அவங்க நிக்கறப்ப நாம மூணு பேரும் கீழ உக்காந்துக்குவோம். மரியாதை தெரிஞ்சவங்க, கீழ பாத்துத்தான் பேசுவாங்க."

தோள் வரைக்கும் வெள்ளை அடித்து முடித்து அந்தியூருக்குச் சேதி அனுப்பினார்கள். தெய்வானை பெட்டியோடு வந்து இறங்கினாள். அவள் அடுப்படிக்குள் கால் வைத்ததும் மூவரும் தொப்பென்று தரையில் உட்கார்ந்தார்கள். அவள் குனிந்து மூவரையும் நலம் விசாரித்தாள். வெள்ளைச் சுவரைக் கையால் தொட்டுப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. அங்கேயே பெட்டியைத் திறந்து புடவைகளை எடுத்து வெளியே வைத்தாள். அர்த்தநாரி மூன்று மாதத்துக்குப் பிறகு ஒழுங்காக மூச்சு விட்டான்.

"முதல்ல பால் காய்ச்சலாமுங்க," என்று அவள் தீப்பெட்டியை எடுத்தாள்.

"ஐயோ, பத்தவெக்காதீங்க அண்ணி!" மூவரில் இருவர் கத்தினார்கள்.

"ஏனுங்க மாமா?" என்று அவள் புருஷனைப் பார்த்தாள்.

"இங்க சமைச்சா புதுக்கரி படியும் தெய்வான. காலி பண்றப்ப பழைய கரியும் பூசோணும். அப்பக் கரி அதிகமாப் போயிருமில்ல? அவருக்கு என்ன பதில் சொல்றது?"

தெய்வானை தீப்பெட்டியைக் கீழே வைத்தாள். மூவரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அர்த்தநாரியின் கண் புடவைகளுக்கும் பெட்டிக்கும் நடுவே அலைந்தது.

"நாயந்தானுங்க," என்றாள் கடைசியில். "எங்கப்பாவும் இப்படித்தான். அதுக்கு ஏன் மொகத்தத் தொங்கப்போட்டுக்கறீங்க? வேற வழியா இல்ல?"

அன்றைக்குச் செங்கோடன் சந்தைக்குப் போயிருந்தார். மத்தியானம் திரும்பி வந்தால், அவர் வீட்டு ஜன்னலிலிருந்து புகை வந்து சந்து முழுவதையும் நிறைத்துக்கொண்டிருந்தது. பதறி ஓடினார். அவருடைய அடுப்பில் தெய்வானை கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். எதிரே மூன்று இலை, மூன்று பேர்.

"யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க? உங்களுக்குத்தான் அங்க அடுப்படி இருக்குதில்ல?"

அர்த்தநாரி பவ்யமாக எழுந்தான். "அது உங்க அடுப்படிங்க. அழுக்காக்கலாமா? வாங்குன மாதிரியே குடுக்கோணுமில்லீங்?"

"அப்ப இது எவனோட அடுப்படிடா?"

"இதும் உங்களுதுதானுங்க. ஆனா இதை நாங்க வாடகைக்கு வாங்கலீங்களே. திருப்பிக் குடுக்கற சோலியே இல்ல பாருங்க."

செங்கோடன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். வெயிலில் வந்த மனுஷனைப் பார்க்கத் தெய்வானைக்குப் பாவமாக இருந்தது. இன்னொரு இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாள்.

"ஏனுங்க வாசல்லயே நிக்கறீங்க? கூச்சப்படாதீங்க. உங்க வீடாட்டம் நெனச்சுட்டு, வந்து உக்காருங்க."