குடிக்காமல் வைத்த மோர்

சங்ககிரிப் பக்கம் ஒரு லாரிப் பட்டறையில் அங்கப்பனும் செங்கோடனும் வேலை பார்த்தார்கள். லாரி ஓட்டும் சென்னியப்பன் இருவருக்கும் சிநேகிதன். ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பட்டறைக்குத் தொலைபேசி வந்தது. போன இடத்தில் சென்னியப்பன் நெஞ்சு வலித்து இறந்துவிட்டான். உடல் மாலையில் வரும். மறுநாள் காலை எடுத்தாக வேண்டும்.

அவன் மனைவி பாவாயி பத்தரை மணி பஸ்ஸில் கொல்லிமலைக்கு, அண்ணன் வீட்டுக்குப் புறப்பட இருந்தாள். திரும்பி வர மூன்று நாளாகும். மலையில் அவளுக்குச் சேதி சொல்ல வழி கிடையாது. பஸ் ஏறிவிட்டால் புருஷன் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

அங்கப்பன் பின்வாங்கினான். "நாளைக்கு எம்பட புள்ள கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் நடறோம். சாவுச் சேதிய நான் எப்படிக் கொண்டுபோறது? நீ போ."

"போன வாரம் டயர் தூக்கறப்ப உனக்கு இடுப்புப் புடிச்சுது. இன்னைக்கு முகூர்த்தக்காலா?" என்றபடி செங்கோடன் சைக்கிளை எடுத்தான்.

துக்கம் சொல்லப் போகிறவர் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. கிளம்பும்போது போய் வருகிறேன் என்பதுமில்லை. அது அந்தப் பக்கத்து வழக்கம்.

பாவாயி தலை நிறையப் பூ வைத்துப் பையோடு நின்றாள். "வாங்ணா. என்ன, உங்க சிநேகிதரு லாரியச் சேத்துல உட்டுட்டாரா?" என்று சிரித்து, ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தாள்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தனம்மிணி," என்றான் செங்கோடன்.

ஆடு குட்டி போட்டுவிட்டதா என்று கேட்டான். சொம்பை வாங்கிப் படியில் வைத்தான். பிறகு ஒன்றும் சொல்லாமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

பாவாயி சொம்பைப் பார்த்தாள். மோர் அப்படியே இருந்தது. சற்று நேரம் கழித்துப் பையைக் கீழே வைத்துவிட்டுப் பட்டறைக்கு ஓடினாள். பத்தரை மணி பஸ் அவளில்லாமல் போயிற்று.

மாலையில் அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"நான் சொல்லல. பயந்து ஓடியாந்துட்டேன்," என்று செங்கோடன் ஒத்துக்கொண்டான்.

"அப்ப நீயும் நானும் ஒண்ணுதான்," என்றான் அங்கப்பன்.

படிப்பவர்களே, இருவரும் ஒன்றுதானா? உண்மையில் நழுவியவன் யார்?

விடை: அங்கப்பன். கால் நட்ட பிறகுதான் அந்த வீட்டார் துக்கத்துக்குப் போகக் கூடாது. அவன் நடப்போவது மறுநாள். செங்கோடனும் நழுவத்தான் பார்த்தான், பொய்யும் சொன்னான். ஆனால் ஒரு வாய் மோர் குடித்து, வருகிறேன் என்று சொல்லியிருந்தால் அவள் பஸ் ஏறியிருப்பாள். அந்த இரண்டு மட்டும் அவனால் முடியவில்லை.

வருஷத் திதி கழிந்து ஒரு நாள் செங்கோடன் அந்த வழியாக வந்தான். பாவாயி மோரை நீட்டினாள். "இன்னைக்காச்சும் குடிச்சுப்போட்டுப் போங்ணா."

முழுவதும் குடித்தான். சைக்கிளில் ஏறும் முன் திரும்பி, "போயிட்டு வாறனம்மிணி," என்றான்.