நாலாவது பொட்டு

ஆவுடைச்செல்வியின் கடை பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. பழுதான கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்குகளிலிருந்து கோப்புகளை மீட்டுக் கொடுப்பது அவள் தொழில். அவளுக்கு வயது முப்பத்திரண்டு. அவளிடம் தொழில் கற்க வந்த குற்றாலிங்கத்துக்கு அறுபத்தொன்று. ரயில்வே தபால் பிரிப்பில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

விஜயதசமிக்கு மறுநாள் அவள் படியேறி வந்தபோது, அவர் மேசையோரம் குனிந்து எதையோ அவசரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மேசையில் நாலு டிஸ்குகள். மூன்றில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. ஒன்று பளிச்சென்று இருந்தது.

"துணியைக் கீழே வைங்க அண்ணாச்சி."

வைத்தார். பிறகு சொன்னார்.

நாலும் அவர் வீட்டுக் கம்ப்யூட்டரோடு இணைந்த பெட்டியில் இருந்தவை. மகள் பாமா மூன்று மழைக்காலம் களக்காட்டு மலையில் பதிவு செய்த தவளைச் சத்தங்கள் அதில் இருக்கின்றன. அவளுடைய ஆராய்ச்சியே அதுதான். வேறு பிரதி கிடையாது. ஆயுத பூஜைக்குத் தூசி தட்டலாம் என்று நாலையும் வெளியே எடுத்திருக்கிறார். செய்தித்தாளில் வரிசையாக வைத்துப் பொட்டும் வைத்துவிட்டார். அவர் மனைவி அவற்றை அள்ளிக்கொண்டு போய், அரிவாள்மனைக்கும் சைக்கிள் பம்புக்கும் நடுவே விளக்கு முன்னால் அடுக்கினார். மறுநாள் எது எந்தத் தட்டில் இருந்தது என்று தெரியவில்லை. கைக்கு வந்தபடி செருகிவிட்டார். பழைய அமைப்பு தெரியவில்லை, புதிதாக உருவாக்கவா என்று திரை கேட்டது. 'ஆம்' வரை போன விரலை எடுத்துவிட்டு, மின்சாரத்தை நிறுத்தினார்.

"அமுக்கியிருந்தா எல்லாம் அழிஞ்சிருக்கும். அந்த விரலுக்கு இன்னிக்கு டீ என் செலவு," என்றாள்.

பாமா ஞாயிற்றுக்கிழமை வருகிறாள் என்றார் அவர். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

"சரி, எதுக்குத் துடைச்சீங்க?"

"டிஸ்குக்குப் பொட்டு வச்சிருக்கேன்னு நீங்க சிரிப்பீங்கன்னுதான்."

அவளுடைய ஸ்க்ரூடிரைவர் பெட்டியிலும் ஒரு பொட்டு இருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

டிஸ்குகள் இருந்த பெட்டி ஒவ்வொரு கோப்பையும் துண்டு துண்டாக்கி நாலு டிஸ்கிலும் மாற்றி மாற்றி வைக்கும். வரிசை கலைந்தால் எல்லாத் துண்டும் அப்படியே இருக்கும், எதையும் படிக்க முடியாது. நாலை இருபத்துநாலு விதமாக அடுக்கலாம் என்று அவர் ஏற்கெனவே கணக்குப் போட்டிருந்தார். முப்பது வருஷம் தபால் பிரித்த கை இது என்று தன் கையையே ஒருமுறை திட்டிக்கொண்டார்.

அவள் வரிசையைப் பற்றிப் பேசவே இல்லை. நாலு காலி டிஸ்குகளை எடுத்து, ஒவ்வொன்றாக நகலெடுக்கத் தொடங்கினாள். மறுநாள் மதியம் வரை அது ஓடியது. அவர் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இருந்தார்.

"வழி தெரியாம எப்படி டீச்சர் இப்படி நிம்மதியா இருக்கீங்க?"

"இனிமே நாம தப்புப் பண்ணினா நகல்தான் கெடும்."

நகல் முடிந்ததும், பொட்டு வைத்த மூன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"சந்தனத்தை எத்தனை தடவை தொட்டீங்க?"

"ஒரே தடவைதான். ஈரம் உள்ளே போயிரக் கூடாதுல்லா."

"எதிலேருந்து ஆரம்பிச்சீங்க?"

"மேல்தட்டு டிஸ்குலேருந்து. அப்படியே வரிசையா."

ஒன்றில் சந்தனம் கெட்டியாகக் காய்ந்து வெடித்திருந்தது. இன்னொன்றில் மெல்லிய ஏடு. மூன்றாவதில் மஞ்சள் கறை மட்டும். விரலில் சந்தனம் குறைந்துகொண்டே போன அந்த வரிசையிலேயே மேசையில் வைத்தாள். பிறகு துடைத்த டிஸ்கைக் கையில் எடுத்தாள்.

"இது?"

அவர் கீழே வைத்த துணியைப் பார்த்தார்.

"இது முதல்ல இருக்கலாம், கடைசியில இருக்கலாம், நடுவுல ரெண்டு இடத்துல எங்கேயும் இருக்கலாம். நாலு தடவை பார்க்கணும்."

"துடைக்காம இருந்திருந்தா?"

"ஒரு தடவை."

நகல்களை மட்டும், அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பெட்டியில் செருகினாள். முதல் தடவை ஒன்றும் திறக்கவில்லை. இரண்டாவது தடவை கோப்புகளின் பெயர்கள் தெரிந்தன, உள்ளே வெறும் இரைச்சல். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் துடைத்த டிஸ்கின் நகலை இன்னும் ஓர் இடம் தள்ளிச் செருகினாள்.

மழை கேட்டது. மழைக்குள் ஒரு தவளை கூப்பிட்டது. இன்னொன்று பதில் சொன்னது. கொஞ்ச நேரத்தில் அறை முழுவதும் தவளைகள். கீழேயிருந்து ஜெராக்ஸ் கடைக்காரர் ஏறி வந்து, மாடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒவ்வொரு மழைக்காலத்திலிருந்தும் பத்துப் பதிவுகளைக் கேட்டு முடித்தபின் அவள் தலையசைத்தாள். குற்றாலிங்கம் முகம் கழுவிவிட்டு வந்தார். அசல் டிஸ்குகளைப் பார்த்தார். மீதிப் பொட்டுகளையும் எடுத்துவிடலாம் என்று துணியை நனைத்தார்.

"டீச்சர், நாளைக்குப் பாமா வந்திருவா. பெட்டி ரிப்பேர் ஆச்சு, சரி பண்ணிட்டோம்னு மட்டும் சொன்னாப் போதும்லா?"

ஆவுடைச்செல்வி அவர் கையைப் பார்த்தாள்.

"துணியைக் கீழே வைங்க அண்ணாச்சி."