பல்லக்குப் பாட்டு யாருடையது?

முன்னொரு காலத்தில் ஆழிமங்கல நாட்டைச் சிங்கவேள் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நினைத்த நேரம் நினைத்த சட்டம் போடுகிறவர். ஒருநாள், "பாட்டோ கதையோ, அரண்மனை ஏட்டில் முதலில் பதிந்தவருக்கே சொந்தம். அவரைக் கேட்காமல் பாடினால் நாடு கடத்தல்" என்று தண்டோரா போட்டுவிட்டார்.

ஆஸ்தானப் புலவர் பூங்காவிராயருக்குக் கொண்டாட்டம். பல்லக்குத் தூக்கும் சடையாண்டி கட்டிய பாட்டை ஊரே முணுமுணுத்ததில் அவருக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல். பல்லக்கில் உட்கார்ந்தே அதை மனப்பாடம் செய்து, "தூக்குவோர் பாட நான் இயற்றியது" என்று ஏட்டில் பதிந்தார். மறுநாள் வழக்கம்போல் பாடிய சடையாண்டியைச் சேவகர்கள் சபைக்கு இழுத்துவந்தார்கள்.

"சாமி, நான் கட்டினதுங்க. மறக்காம இருக்கப் பல்லக்குக் கொம்புல ஆணியால கீறிக்கூட வச்சிருக்கேன். பொண்டாட்டி புள்ளையோட எங்க போவேன்?"

புலவர் சிரித்தார். "மன்னா, இவன் பாட்டில் மூன்றாம் அடிக்குப் பின் சொல்லே இல்லை, ஓட்டை! என் ஏட்டில் நான்கு அடியும் நிறைவு. அரைகுறையாய்க் கேட்டுத் திருடியது யார்?"

ராஜா தலையாட்டினார். பிரதானி ஆவுடையப்பர் எழுந்தார். "புலவரைக் கௌரவிப்போம் மகாராஜா. அவரையே பல்லக்கில் ஏற்றி, ஏட்டில் உள்ளபடி இவனும் கூட்டாளிகளும் ஒரு சொல் குறையாமல் பாடித் தூக்கட்டும்."

மீசையை முறுக்கிக்கொண்டு ஏறினார் புலவர். சடையாண்டியும் கூடத் தூக்கும் மூவரும் பாடிக்கொண்டே தூக்கினார்கள்.

"ஏறும் வெயிலே எறங்கிப் போ,
ஆத்து மணலே ஆறிப் போ,
கூனல் மேடே குனிஞ்சு நில்லு,
கோமகனே நீ வாழ்க!"

முற்றத்தை இரண்டு சுற்று வந்ததும் பல்லக்கு ஆடியது. மூன்றாம் சுற்றில் புலவரின் தலைப்பாகை பறந்தது. நான்காவதில் அவரே பாதி வெளியே தொங்கினார்.

"அடேய்! தோளை மாற்றுங்களடா!"

"எங்கே மாற்றுவது புலவரே?" என்றார் பிரதானி. "உங்கள் பாட்டில் அதற்கு இடமே இல்லையே!"

சடையாண்டி சொன்னான்: "மூணாவது அடி முடிஞ்சதும் நாலு பேரும் ஒண்ணா மூச்சை இழுத்துத் தோள் மாத்தணுங்க. அதுக்குத்தான் அங்க வார்த்தை வைக்கலை."

ராஜா அசந்துபோனார். "சொல் இல்லாத இடத்தையும் யோசித்தல்லவா கட்டியிருக்கிறான்! ஆவுடையப்பரே, அப்படியானால் என் ஏடு எதற்கு?"

"ஏடு சாட்சி சொல்லும் மகாராஜா, பாட்டைப் பெற்றெடுக்காது. கட்டிக் கொம்பில் கீறின அன்றே அது இவனுடையதாகிவிட்டது. பதிந்துவைத்தால் வழக்கு வரும்போது கை கொடுக்கும். பொய்ப் பதிவென்று தெரிந்தால் அடித்து நீக்கிவிட வேண்டியதுதான். பல்லக்குப் பாட்டு யாரும் புதிதாய்க் கட்டலாம். இவன் பாட்டைத் தூக்கிக்கொண்டு போகத்தான் கூடாது."

புலவர் பெயரை ராஜா தன் கையாலேயே அடித்தார். சடையாண்டி பெயரைப் பதிந்தார். கழுத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டு, "இனி இதைப் பாட யாருக்கு அனுமதி? நீயே சொல்லப்பா" என்றார்.

"தோள் கொடுக்கிறவங்க எல்லாரும் பாடட்டுங்க. புலவரய்யாவும் பாடலாம்..." சடையாண்டி தலையைச் சொறிந்தான். "கொம்பைத் தோள்ல வச்சுக்கிட்டு."

சபை வெடித்துச் சிரித்தது. அன்று ராஜா அந்தப்புரம் திரும்பிய பல்லக்கில், பின்கொம்பு ஒன்றைப் பூங்காவிராயர் சுமந்தார். மூன்றாம் அடி முடிந்ததும் அவர் ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லையாம்.