பதினாலு பேரும் ஒரு மாலையும்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் கம்பார் முத்துவடிவு அக்கா. தொண்ணூற்று நாலாம் வருஷம், கோயில் விளக்குப் பூசைக்கு இரண்டு பேரும் பூத்தொடுத்துக்கொண்டிருந்தோம். அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் நடந்தது. அவர் சொன்ன வேகம் எனக்கு வராது. எங்காவது விட்டுப்போயிருந்தால் அந்தப் பிழை என்னுடையது.

நடந்தது எண்பத்தாறாம் வருஷம். அப்போது கம்பாரில் ஈய லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. ஈயம் தோண்டும் சுரங்கத்தை எங்கள் பக்கம் லம்பம் என்போம். பக்கத்து வீட்டுக் காத்தமுத்து ஈயக் கப்பலில் முப்பத்தாறு வருஷம் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தவர். குட்டையில் மிதந்துகொண்டே அடிமண்ணை வாரி வாரி மேலே கொண்டுவரும் பெரிய இயந்திரம்தான் ஈயக் கப்பல். அது நின்றுபோனதும் மனிதருக்குத் தூக்கம் வரவில்லை. காதில் சத்தம் இல்லையாம். எட்டாவது மைல்கல்லை ஒட்டி, எட்டாங்கட்டையில் இருந்த தியான மடத்துக்கு வர ஆரம்பித்தார். கூட்டினார், தண்ணீர் பிடித்தார், கேள்வி கேட்டார்.

மடத்துச் சாமியின் பெயர் குழந்தைவேலு. அவருக்கு வயது முப்பத்தெட்டு. காத்தமுத்துவுக்கு அறுபது. சாமி துறவுக்கு வருமுன் ஈப்போவில் ஒரு போட்டோக் கடையின் இருட்டறையில் பன்னிரண்டு வருஷம் படம் கழுவியவர். காத்தமுத்து "சாமி" என்று குனிந்து கும்பிடுவார். சாமி "வாங்கண்ணே" என்று எழுந்து நிற்பார். இதில் யார் குரு, யார் சீடர் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது.

ஒருநாள் காத்தமுத்து கேட்டார்.

"சாமி, ஆடி அமாவாசை வருது. அம்மாவை மனசுல நிறுத்திக் கும்பிடுன்னு ஐயர் சொல்வாரு. எனக்கு ஒன்றரை வயசுல அவங்க போயிட்டாங்க. ஒரு படம்கூட இல்ல. நான் எதைச் சாமி மனசுல நிறுத்தறது?"

"இத்தனை வருஷம் எதை நிறுத்தினீங்க?"

"வீட்டுக்காரி முகத்தை. பொய் சொல்லக் கூடாது."

சாமி சிரித்துவிட்டார். "நான் பினாங்கு போயிட்டு அமாவாசைக்கு முன்னால வந்துடறேன். அதுவரைக்கும் இந்தக் கேள்வி உங்ககிட்டயே இருக்கட்டும்ணே" என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினார்.

அவர் போன மறுநாளே அது நடந்தது.

மூடிய லம்பத்தின் ஆபீசைக் காலிபண்ணிக்கொண்டிருந்தார்கள். பின்கட்டு அறையில் மரப்பெட்டிகள். உள்ளே அடுக்கடுக்காகக் கண்ணாடித் தகடுகள். ஒவ்வொன்றிலும் கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் ஏதோ படிந்திருந்தது. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஜனங்கள் எடுத்தார்கள். கத்தியால் அந்தப் படிவைச் சுரண்டிவிட்டால் நல்ல கண்ணாடி. ஒருவர் கோழிக்கூண்டுக்கு ஜன்னல் வைத்தார். இன்னொருவர் மீன்தொட்டி கட்டினார்.

காத்தமுத்துவும் ஜன்னலுக்குத்தான் போனார். ஒரு கண்ணாடியை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே ஆட்கள் இருந்தார்கள்.

கோயில் கோபுரத்துக்குச் சாரம் கட்டியதுபோல் உயரமாக ஒரு மரவாய்க்கால். அதன் மேல் எறும்பு ஏறுவதுபோல் மனிதர்கள். இன்னொன்றில், ஈயக் கப்பலின் ஒற்றை வாளிக்குள் ஒருவன் தொட்டிலில் கிடப்பதுபோல் காலை நீட்டிப் படுத்திருக்கிறான். ஒன்றில் இருபது பேர் வரிசையாக உட்கார்ந்து ஒரே கறிச்சட்டியில் கை நீட்டுகிறார்கள். "இது நான் ஏறின கப்பல், இந்த ஏணி எனக்குத் தெரியும்" என்று பார்க்கிற எல்லோரிடமும் கத்திக்கொண்டே பதினோரு கண்ணாடிகளைத் தன் வேட்டியில் சுற்றினாராம். பன்னிரண்டாவதன் காகித உறையில் எழுதியிருந்ததை ஆபீஸ் கிளார்க் படித்துச் சொன்னார்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு. எட்டாங்கட்டை ஆறு. டூலாங் பெண்கள்."

டூலாங் என்பது அகலமான மரத்தட்டு. லம்பத்திலிருந்து கழிந்து வருகிற ஆற்று மண்ணை அதில் அள்ளி, தண்ணீரில் சுழற்றிச் சுழற்றி அலசினால் மண் ஓடிவிடும். கனமான ஈயம் மட்டும் அடியில் நிற்கும். அந்த வேலைக்குப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நாள் முழுக்க நிற்பார்கள்.

காத்தமுத்துவின் அம்மா வெள்ளையம்மா எட்டாங்கட்டை ஆற்றில் டூலாங் அலசியவர். செத்தது இருபத்தேழில்.

அந்தக் கண்ணாடியை அவர் வேட்டியில் சுற்றவில்லை. நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நேராக டவுனில் இருந்த போட்டோக் கடைக்கு ஓடினார். கடைக்காரர் கலர்ப் படம் கழுவுகிறவர். கண்ணாடியில் வேலை பார்த்துப் பழக்கமில்லை. "பார்க்கலாம்" என்றார். இரண்டு நாளில் பெரிய தாளில் படம் வந்துவிட்டது.

ஆற்றில் வரிசையாகப் பெண்கள். எல்லோரும் கேமராவைப் பார்க்க நின்றாலும் தலை குனிந்திருந்தது. யார் தமிழர், யார் சீனர் என்று தெரியாதபடி எல்லோருக்கும் ஒரே மாதிரி சீனத்துச் சட்டை, ஒரே மாதிரி அகலத் தொப்பி. தொப்பிக்குக் கீழே மோவாய் மட்டும் தெரிந்தது. ஒரு கையால் தட்டை இடுப்போடு அணைத்து, மறுகையால் கல்லைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார்கள்.

காத்தமுத்துவுக்கு ஓர் அடையாளம் தெரியும். வளர்த்த பெரியம்மா சொல்லியிருக்கிறாள். சிறுவயதில் அவர் இடது கையால் சோற்றை எடுத்துவிட்டு அடிவாங்கும்போதெல்லாம் பெரியம்மா சொல்வாள்: "உங்கம்மாவும் பீச்சாங்கைக்காரிதான்டா. அந்தக் கூட்டத்துலயே அவ ஒருத்திதான் அப்படி. நடுவுல நின்னா பக்கத்துல உள்ளவ முழங்கையோட இடிக்கும்னு எப்பவும் ஓரத்துல நிறுத்திருவாங்க. பந்தியில உன்னை ஓரத்துல உட்கார வைக்கிறோம்ல, அது மாதிரி."

படத்தின் வலது ஓரத்தில் ஒரு பெண். இடது கையால் கல்லைப் பொறுக்குகிறாள்.

அவ்வளவுதான். அன்று தெருவே அவர் வீட்டில் இருந்தது என்று முத்துவடிவு அக்கா சொன்னார். காத்தமுத்து படத்துக்குச் சட்டம் போட்டு, அந்தப் பெண்ணின் தொப்பிக்கு மேல் சந்தனம் வைத்தார். குங்குமம் வைத்தார். மல்லிகை மாலையைச் சட்டத்தின் வலது பக்கமாக ஒதுக்கி, அவளுக்கு மட்டும் விழுகிற மாதிரி மாட்டினார். தினமும் மாலை மாறியது. கேசரி கிண்டி எல்லா வீட்டுக்கும் கொடுத்தார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியில் தன் மோவாயைப் பார்ப்பார், ஓடிவந்து படத்தைப் பார்ப்பார். "அதே மோவாய், அதே மோவாய்" என்பார்.

"எல்லா மோவாயும் அப்படித்தான் இருக்கும்" என்பார் அவர் மனைவி தனபாக்கியம். அவர் தையல்காரர். சீனத்து வீடுகளுக்கும் துணி தைத்துக் கொடுப்பவர்.

இருபதாம் நாள், அமாவாசைக்கு முதல் நாள் காலையில் சாமி பினாங்கிலிருந்து வந்துவிட்டார் என்று தெரிந்தது. காத்தமுத்து மோட்டார்சைக்கிளை எடுத்தார். தனபாக்கியம் பின்னால் உட்கார்ந்து, மாலையோடு சட்டத்தை மடியில் பிடித்துக்கொண்டார். மடத்து வாசலில் வண்டி நிற்குமுன்பே காத்தமுத்து பேச ஆரம்பித்துவிட்டார்.

"சாமி, கேள்விக்குப் பதில் கிடைச்சிருச்சு. நீங்க சொல்லவே வேண்டாம். அம்மாவைக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

சாமி இரண்டு கையாலும் படத்தை வாங்கினார். முதலில் கும்பிட்டார். பிறகு பார்த்தார்.

"இவங்கதான் சாமி. இடது கை. ஓரத்துல. பெரியம்மா சொன்ன மாதிரியே."

"நல்லாப் பார்க்கச் சொல்லுங்க சாமி" என்றார் தனபாக்கியம். "வரிசையில எல்லாருக்குமே இடது கைதான். இவங்க ஆத்தா மட்டும் இல்ல, ஆறே பீச்சாங்கை ஆறு போல."

"பேசாம இரு."

"அதுவும் போகட்டும். சீனத்துச் சட்டைக்குப் பித்தான் வலது பக்கம்தான் வரும் சாமி. நான் தைக்காத சட்டையா? இதுல அத்தனை சட்டையிலயும் பித்தான் இடது பக்கம். அந்தக் காலத்துத் தையல்காரன் தண்ணி போட்டுட்டுத் தைச்சானோ என்னமோ."

சாமி படத்திலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார்.

"அக்கா, திரும்பச் சொல்லுங்க."

"பித்தான் இடது பக்கம் சாமி."

சாமி எழுந்துவிட்டார். அவர் அப்படி வேகமாக எழுந்து யாரும் பார்த்ததில்லை.

"அண்ணே, அந்தக் கண்ணாடி எங்க?"

"வீட்டுல. அரிசிப் பானைக்குப் பின்னால."

"போய் எடுத்துட்டு வாங்க. ஓட்டிட்டுப் போகாதீங்க, பறந்து போங்க."

காத்தமுத்து போனதும் வந்ததும் தெரியவில்லை. துணிச் சுற்றைப் பிரித்துக் கண்ணாடியைக் கொடுத்தார். சாமி அதன் விளிம்பை மட்டும் பிடித்து, சாய்த்துச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு பக்கம் பளபளவென்று இருந்தது. மறுபக்கம் மங்கலாக, சாம்பல் பூசியதுபோல் இருந்தது.

"படம் இருக்கிறது இந்த மங்கின பக்கத்துலண்ணே. தாளுக்கு மேல வைக்கும்போது மங்கின பக்கம்தான் தாளைத் தொடணும். கடைக்காரர் பளபளப்புப் பக்கத்தை வச்சிருக்காரு. புதுசா வேலைக்கு வந்தப்ப நானும் இதே தப்பைப் பண்ணி அடிவாங்கியிருக்கேன்."

"அப்படி வச்சா?"

"வலது இடதாயிடும். இடது வலதாயிடும்."

சாமி கண்ணாடியைத் திருப்பி ஜன்னலுக்கு எதிரே நிறுத்தினார். கறுப்பு வெளுப்பாக, வெளுப்பு கறுப்பாக, அதே ஆறு. அதே பெண்கள். இப்போது எல்லோரும் வலது கையால் கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒருத்தி மட்டும் இடது கையால்.

அவளும் ஓரத்தில்தான் நின்றாள். ஆனால் காத்தமுத்து மாலை போட்ட பெண் நிற்கிற ஓரம் அல்ல. வரிசையின் மறு ஓரம்.

காத்தமுத்து ஜன்னலுக்குப் பக்கத்தில் போனார். மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. துடைக்கப் பயந்து, மங்கல் தானாகப் போகும்வரை காத்திருந்தார்.

"இவங்களா சாமி?"

"பெரியம்மா வாக்கு சரின்னா, இவங்கதான்."

"அம்மா" என்றார் காத்தமுத்து. அடுத்த நிமிஷமே சிரிப்பும் அழுகையுமாகத் துள்ளித் திரும்பிச் சட்டத்தை எடுத்தார். "இதுலயும் இருப்பாங்கல்ல, அந்த ஓரத்துல." விரலை வரிசையோடு ஓட்டினார். திரும்ப ஓட்டினார். விரல் சட்டத்தின் மரத்தில் போய் இடித்தது.

"காணோமே."

சாமி கண்ணாடியில் இருப்பவர்களை எண்ணினார். "பதினாலு." தாளில் இருப்பவர்களை எண்ணினார். "பதிமூணு."

தனபாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்னக்கா?"

"தாள் பெரிசா இருந்துச்சு சாமி. சட்டத்துக்குள்ள போகலை. இவரு அந்தப் பக்கம் ரெண்டு விரக்கடை வெட்டிரு, அங்க யாரும் முக்கியமானவங்க இல்லன்னாரு. நான்தான் துணிக் கத்தரியால வெட்டினேன்."

"வெட்டின துண்டு?"

"இருக்கு." அவர் குரல் இறங்கிவிட்டது. "தையல் டப்பாவுல இருக்கு. கெட்டித் தாளா இருந்துச்சேன்னு அதுல ஊசி குத்தி வச்சிருக்கேன்."

காத்தமுத்து உட்கார்ந்துவிட்டார்.

"இருபது நாள் சாமி" என்றார். "யாரோ ஒரு பொம்பளையை அம்மா அம்மான்னு கும்பிட்டிருக்கேன். சீனத்தியோ தமிழச்சியோ, யார் பெத்த பொண்ணோ. பெத்தவளை ஊசி குத்த விட்டுட்டு."

"நீங்க தெரிஞ்சு பண்ணலைண்ணே."

"நாளைக்கு அமாவாசை. எந்த முகத்தோட எள்ளும் தண்ணியும் விடுவேன்?"

சாமி கண்ணாடியைப் பத்திரமாக மேசையில் வைத்தார். மங்கிய பக்கம் மேலே இருக்கும்படி வைத்தார்.

"அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க" என்றார். "ஊசியை எடுத்துட்டு வையுங்க. கண்ணாடி இங்கயே இருக்கட்டும், நாளைக்குக் காலையில எடுத்துட்டுப் போறேன். தெரிஞ்ச இருட்டறை ஒண்ணு இருக்கு. நானே போடறேன். பதினாலு பேரும் வர்ற மாதிரி."

காத்தமுத்துவின் முகத்தில் வெளிச்சம் திரும்பியது. எழுந்தார். அவசரமாகச் சட்டத்தைத் தன் பக்கம் இழுத்து, வலது ஓரத்தில் தொங்கிய மாலையைக் கழற்றப் போனார். நூல் ஆணியில் மாட்டிக்கொண்டது. பல்லால் கடித்து அறுக்கக் குனிந்தார்.

சாமி அவர் கையைப் பிடித்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"மாலையை எடுத்துடறேன் சாமி. தப்பான ஆளுக்குப் போட்டுட்டேனே."

சாமி படத்தில் இருந்த பெண்களை ஒருமுறை பார்த்தார். இடுப்பளவு தண்ணீர், குனிந்த தொப்பிகள்.

"இவங்க ஆத்துல நின்னு அறுபது வருஷம் ஆச்சு. பதினாலு பேருல ஒருத்தருக்குத்தான் இதுவரைக்கும் ஒரு மாலை விழுந்திருக்கு. அதையும் ஏண்ணே கழட்டுறீங்க?"

காத்தமுத்து குனிந்தபடியே இருந்தார். நூல் அவர் உதட்டில் இருந்தது. அதைக் கடிக்கவும் இல்லை, விடவும் இல்லை.

இதற்குமேல் முத்துவடிவு அக்கா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கேட்டுக்கொண்டிருக்கும் உங்களிடம் ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டில் பலபேர் சேர்ந்து நிற்கிற பழைய படம் ஏதாவது இருந்தால், தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு, பின்பக்கம் பென்சிலால் எல்லோருடைய பெயரையும் எழுதி வையுங்கள்.