தவசியின் மீசையும் நூற்றுக்குப் பத்து கொழுப்பும்

ஒட்டுப்பட்டி அரிசி மண்டியில் மூட்டை தூக்கும் நாலு பேருக்கும் கடவுள் தோள், தொடை, முதுகு எல்லாம் அளந்து பார்க்காமல் அள்ளிக் கொடுத்திருந்தார். மூளையை நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் இன்னும் திரும்பி வரவில்லை. நாலு பேரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

நால்வரில் தவசிக்கு மட்டும் கூடுதலாக ஒரு மீசை. காது வரைக்கும் போய் நலம் விசாரித்துவிட்டு வருகிற மீசை. விளக்கெண்ணெய் தடவி, அதற்கென்றே வைத்திருக்கும் தனிச் சீப்பால் வாரிவிட்டுத்தான் காலையில் பல்லே விளக்குவான். அப்பேர்ப்பட்ட மீசையை ஒரு நாள் டீக்கடையில் பந்தயம் வைத்துவிட்டு வந்தான்.

டீக்கடை வீரணனுக்கும் மீசை உண்டு. அதற்குக் கீழே, அவருக்கு முன்னால் கடைக்கு வந்து சேரும் தொந்தியும் உண்டு. கடைச் சுவரில் ஆணழகன் போட்டி நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். தவசி அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, வீரணன் சிரித்துவிட்டார்.

"மூட்ட தூக்குறவன் ஆணழகன் ஆனா, வட சுடுற நான் கலெக்டர் ஆயிருவேன்டா."

தவசிக்குச் சுருக்கென்று தைத்தது. "அண்ணே, நான் அந்த மேடையில ஏறலேன்னா என் மீசைய எடுத்துர்றேன். ஏறிட்டா நீங்க எடுப்பீகளா?"

"எடுக்கிறேன். மொதல்ல நீ ஏறு."

அன்று முதல் தவசிக்குத் தூக்கம் போயிற்று. மேடை பற்றிய கவலை கொஞ்சம். மீசை பற்றிய கவலை மிச்சமெல்லாம்.

கூட்டாளிகள் மூவரும் மதுரையிலிருந்து மேகநாதன் என்று ஒரு ஜிம் மாஸ்டரைக் கூட்டி வந்தார்கள். அவர் தவசியைச் சட்டை கழற்றச் சொல்லி ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா எழுவது கிலோவுக்குள்ள வந்தாத்தான் மேடை. கொழுப்பு நூத்துக்குப் பத்துக்கு மேல இருக்கக் கூடாது. எவ்வளவு இருக்குன்னு அப்பப்ப மதிப்புப் போட்டுக்கங்க. கிள்ளிப் பாக்கலாம். தண்ணியில எறக்கியும் பாக்கலாம், கொழுப்பு மெதக்கும், சதை முழுகும். முட்டையில வெள்ளக்கரு மட்டும் சாப்புடு." இவ்வளவையும் சொல்லிவிட்டு பைக்கில் ஏறிப் போய்விட்டார். பாவம், யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

மூவரும் கிள்ளிப் பார்த்தார்கள். தவசி கத்தினான். இடம் மாற்றிக் கிள்ளினார்கள். அங்கேயும் கத்தினான்.

"எங்க கிள்ளுனாலும் ஒரே மாதிரி கத்துறான்" என்றான் ஒச்சப்பன். அவன்தான் கூட்டத்தில் விவரமானவன். ஒரு தடவை பஸ்ஸில் ஏறி, இறங்க வேண்டிய ஊரிலேயே இறங்கியிருக்கிறான். "கத்துறது கொழுப்பா, சதையான்னு பிடிபட மாட்டேங்குது."

"மூட்டைக்குள்ள என்ன அரிசி கெடக்குன்னு நாம கிள்ளியா பாக்குறோம்?" என்றான் மொக்கராசு. "குத்தூசியச் சொருகி ஒரு பிடி வெளிய எடுத்துப் பாக்குறோம்ல?"

மண்டியில் மூட்டையைப் பிரிக்காமல் அரிசியை மாதிரிக்கு எடுக்கிற அந்தக் குழல் ஊசி, மொக்கராசு கைக்கு எப்போது வந்தது என்று தவசிக்குத் தெரியாது. தெரிந்த கணத்தில் அவன் மூட்டை அடுக்கின் உச்சியில் இருந்தான். அங்கிருந்து இறங்க மாட்டேன் என்று குலசாமி மேல் சத்தியம் செய்தான். "ஒரே ஒரு குத்துடா மாப்ள, தொடையில" என்று மொக்கராசு பொழுது சாயும் வரை கெஞ்சிப் பார்த்தான். கடைசியில் தண்ணீரில் இறக்குவதற்குத் தவசியே சம்மதித்தான்.

மண்டிக்குப் பின்னால் இருந்த கிணற்றில் அவனை இறக்கினார்கள். தவசி நல்ல நீச்சல்காரன். மல்லாந்து படுத்தபடி மிதந்தான்.

மேலே மூன்று பேரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். "மெதக்குறானே! உச்சந்தலையிலருந்து உள்ளங்கால் வரைக்கும் கொழுப்புதான் போலருக்கே" என்று சின்னாண்டிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவன் இளகிய மனசுக்காரன். நண்பனுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று ஓடிப்போய், மண்டியின் பெரிய எடைக்கல்லை எடுத்து வந்து தாம்புக்கயிற்றில் கட்டி, படியிறங்கி மறுமுனையைத் தவசியின் இடுப்பில் முடிந்துவிட்டு மேலேறி, கல்லைக் கிணற்றுக்குள் உருட்டிவிட்டான்.

தவசி முழுகினான்.

"முழுகிட்டான்! பொட்டுக் கொழுப்பு இல்ல!" மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள். தண்ணீரில் குமிழி குமிழியாக வந்தது.

"தூக்கிருவமா?" என்றான் ஒச்சப்பன்.

"அவசரப்படாத. நல்லா முழுகட்டும். அரைகொறையா எடுத்தா கொழுப்பு மறுபடி ஏறிக்கிரும்" என்றான் மொக்கராசு.

அவர்கள் பேசி முடிவெடுப்பதற்குள் தவசி முடிச்சை அவிழ்த்துப் படியைப் பிடித்து, பேய் அறைந்த மாதிரி மேலே வந்து சேர்ந்தான். சின்னாண்டி பூரிப்போடு அவன் முதுகைத் தட்டினான். தவசி ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

கொழுப்புக் கணக்கு முடிந்தது. எடைக் கணக்கு வந்தது. அதற்கு மண்டித் தராசு இருக்கவே இருக்கிறது. ஆனால் ஒட்டுப்பட்டி மண்டியில் மூட்டையைத் தனித்தனியாக நிறுக்கிற வழக்கம் கிடையாது. நாலு மூட்டையைச் சேர்த்து ஏற்றுவார்கள், வந்த எடையை நாலால் வகுப்பார்கள். தாத்தா காலத்து வழக்கம். ஆகவே நாலு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு ஒன்றாகத் தராசில் ஏறி நின்று, வந்ததை நாலால் வகுத்தார்கள். தலைக்கு எழுபத்துநாலு.

தவசி வெள்ளைக்கருவாகத் தின்றான். உப்பில்லை, சோறில்லை, பரோட்டாக் கடைப் பக்கம் காற்று அடித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டான். மஞ்சள்கருவை எறிந்தால் பாவம் என்று மற்ற மூவரும் ஆளுக்கொரு தட்டில் பங்கு போட்டுத் தின்றார்கள். மறுபடி தராசில் ஏறினார்கள். தலைக்கு எழுபத்துநாலு.

தவசி கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், மாடிப்படி ஏறினாலே கண்ணைக் கட்டுகிற நிலைக்கு வந்தான். தராசு அசையவில்லை. நால்வரும் மூட்டை மேல் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"கொழுப்பு எங்கயும் போகல" என்றான் ஒச்சப்பன். "ஆள் மாறி உக்காந்துருக்கு. இவன்கிட்டருந்து எறங்கி நம்மகிட்ட ஏறிருச்சு."

"அப்ப நாம பட்டினி கெடந்தா?" என்றான் சின்னாண்டி.

"நாம மூணு பேர். சீக்கிரம் எறங்கும்."

நட்பென்றால் அதுதான் நட்பு. மூன்று பேரும் மறுநாளிலிருந்து பச்சைத் தண்ணீரும் வெள்ளரிக்காயுமாகக் கிடந்தார்கள். மூட்டை தூக்கும்போது ஒருவன் விழுந்தால் மற்றவன் மூட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். போட்டிக்கு முந்தின நாள் தராசு தலைக்கு அறுபத்தொன்பது காட்டியது. தவசிக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. "ஒரு கிலோ மிச்சம் இருக்குடா மாப்ள, வீணாகக் கூடாது" என்று அவர்களே அவனைப் பரோட்டாக் கடைக்குக் கூட்டிப் போய், சால்னா ஊற்றி ஊற்றித் தின்னவிட்டு, எதிரே உட்கார்ந்து எச்சில் விழுங்கிக்கொண்டே பார்த்தார்கள்.

போட்டி நடந்த மண்டபத்தில் எடை பார்க்கிறவர் ஒவ்வொருவராகத் தராசில் ஏறச் சொன்னார். நாலு பேரும் சேர்ந்து ஏறினார்கள். அவர் மூவரை இறக்கிவிட்டார்.

"தம்பி, எழுவதுக்கு மேல கொஞ்சூண்டு இருக்கு. அரை மணி நேரம் டயம். கொறச்சுட்டு வா. இல்லேன்னா மேடை கெடையாது."

தவசிக்கு வயிற்றைக் கலக்கியது. அதுவும் ஒரு உபகாரம்; கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து ஏறினான். முள் இன்னும் கோட்டைத் தாண்டியே நின்றது. தாயத்தைக் கழற்றினார்கள். அரைஞாண் கயிற்றை அறுத்தார்கள். நகத்தை வெட்டினார்கள். மேடைக்காக அன்று காலையில் நெஞ்சு முடியை மழித்த சவரக்கத்தி ஒச்சப்பனின் பையில்தான் இருந்தது. தலையை மொட்டை அடித்தார்கள். முள் கோட்டை உரசிக்கொண்டு நின்றது, இறங்கவில்லை.

மூவரும் தவசியின் முகத்தைப் பார்த்தார்கள். தவசிக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டான்.

"டேய், வேணாம்டா. இந்த மீசைக்காகத்தானடா இவ்வளவும்!"

"அதைத்தான் நாங்களும் சொல்றோம்" என்றான் ஒச்சப்பன் பொறுமையாக. "மேடை ஏறலேன்னா மீசை போயிரும். மீசை போகாம இருக்கணும்னா மேடை ஏறணும். மேடை ஏறணும்னா மீசைய எடுக்கணும். ஒன் மீசையக் காப்பாத்தத்தான்டா எடுக்கிறோம்."

தவசி யோசித்துப் பார்த்தான். எங்கேயோ இடித்தது. ஆனால் எங்கே என்று தெரியவில்லை. கையை எடுத்துவிட்டான்.

முள் இறங்கியது. தவசி மேடை ஏறினான். எட்டுப் பேரில் எட்டாவதாக வந்தான். மேடை மேடைதானே! மூவரும் கீழே நின்று விசில் அடிக்க முயன்றார்கள். பட்டினியில் காற்றுதான் வந்தது.

அங்கிருந்து நேரே டீக்கடை. வீரணன் தவசியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"மீசை எங்கடா? தோத்தவன்தானே எடுக்கணும்?"

"நான் மேடை ஏறிட்டேண்ணே!"

"ஏறுனவன் மூஞ்சியா இது? மீசை போச்சுன்னா தோத்துட்டேன்னு அர்த்தம். போடா."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். மீசையும் போய், மானமும் போனால் மனுஷன் எதைத்தான் சீவுவான்?

"மீசை எங்கயும் போகல, பத்திரமா இருக்கு" என்று ஒச்சப்பன் மடியிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்தான். பிரித்த வேகத்தில் மீசை வீரணனின் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது.

நால்வரும் வாளியை எட்டிப் பார்த்தார்கள். மீசை நட்டநடுவில் ஒய்யாரமாக மிதந்துகொண்டிருந்தது.

"மெதக்குது" என்றான் சின்னாண்டி மெல்ல.

"மாஸ்டர் சொன்னாருல்ல, கொழுப்பு மெதக்கும்னு?" என்றான் ஒச்சப்பன். "டேய் தவசி! ஒன் ஒடம்புல இருந்த கொழுப்பு பூராவும் மீசையிலதான்டா இருந்துருக்கு! அதான் எடுத்ததும் முள் எறங்கிருச்சு! இது தெரியாம நாம பட்டினி கெடந்து செத்தமேடா!"

கடை முழுக்க எழுந்து வந்து வாளியைப் பார்த்தது. மிதக்கிறதை மிதக்கவில்லை என்று யாரால் சொல்ல முடியும்?

வீரணனும் வந்து பார்த்தார். குனிய முடியாமல் குனிந்து, நன்றாகவே பார்த்தார். பிறகு தன் தொந்தியைப் பார்த்தார். கை தானாக மேலே போய் மீசையைத் தடவியது.

"டேய், அடுப்பைக் கொஞ்சம் பாத்துக்கங்கடா" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தெருமுனைச் சலூனை நோக்கி விறுவிறுவென்று நடந்தார்.